குடிலுக்குள் வந்த தூங்கும் பிள்ளை

டிசம்பர் 9
இன்றும் இல்லை. ஓடைக்கரையில் உளுத்த கட்டைகள் அத்தனையும் புரட்டியாயிற்று. பல்லி போலிருக்கும், விரல் நீள மஞ்சள் சாலமாண்டர் ஒன்றை உயிரோடு காட்டினால் மேற்குச் சரிவு காடாகவே இருக்கும் என்று ஊர்த்தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இல்லையென்றால் குவாத்தமாலா நகரத்து வியாபாரி கேட்கும் ஏலக்காய்த் தோட்டம். ஜனவரி 6 ஊர்க்கூட்டத்தில் முடிவு. இந்தக் காட்டுக் காவலுக்கு வந்த ஏழு வருடத்தில் ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன்.

ஊர்த்தலைவர் பால்தசார், என் கணவரின் அண்ணன், நக்கலடிக்கிறார்: "என்ன யூலாலியா, உன் தூங்கும் பிள்ளை இன்னும் எந்திரிக்கலையா?" எங்கள் ஊரில் சாலமாண்டருக்கு அதுதான் பெயர்.

டிசம்பர் 15
கிறிஸ்துமஸ் குடிலுக்குச் செடி எடுக்கப் பெண்கள் சரிவுக்கு வந்தார்கள். பெரிய ஓக் மரத்தில் ஒட்டி வளரும், இலைநடுவில் மழைத்தண்ணீர் தேக்கும் செடிகள். வருடா வருடம் போல நானே பறிக்கச் சொன்னேன். நான் கட்டை புரட்டப் போய்விட்டேன்.

டிசம்பர் 24
பண்டிகைக்கு மக்காச்சோள மாவில் தமாலே வேகவைத்தேன். தின்னப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 26
கடவுளே! மாதா கோயில் குடிலில், ஒட்டகத்துக்குப் பக்கத்துச் செடியில் — மஞ்சள் வால்! தரையில் தேடி மாய்ந்தேனே, அது என் தலைக்கு மேலே குடியிருந்திருக்கிறது. வீட்டோடு பிடுங்கவிட்டவளும் நான்தான். மடச்சி, மடச்சி.

செடியைத் தூக்கப் போனேன். குடில் பொறுப்பாளர் மிக்கேலா அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"பாலனைக் கிடத்தியாச்சு. பிப்ரவரி ரெண்டு, மெழுகுவத்தித் திருநாள் வரைக்கும் ஒரு துரும்பு நகரக் கூடாது, தெரியாதா?"

"அக்கா, அதுக்கு நுரையீரலே கிடையாது. தோலாலதான் மூச்சு விடுது. காஞ்சா செத்துரும்."

"விஷப்பூச்சிக்கு வக்காலத்து வேறயா! அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படி ஜெபம் சொல்றது?"

"அப்ப எடுத்துடறேனே!"

"தொட்ட, கையை முறிச்சுருவேன்."

டிசம்பர் 29
மெழுகுவத்திகளைத் தள்ளி வைக்கிறேன். அவள் திரும்பக் கிட்டே இழுக்கிறாள். காலையும் மாலையும் செடியில் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆறாம் தேதி வரை தாங்குமா?

ஜனவரி 3
இன்று போனபோதே செடி ஈரமாக இருந்தது. நான் ஊற்றவில்லை. மெழுகுவத்திகளும் ஒரு முழம் தள்ளி. மிக்கேலா அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "கண்ணு சிமிட்டுறதுக்குள்ள நாக்கை நீட்டிக் கொசுவை லபக்குனு புடிக்குது." அவ்வளவுதான் சொன்னாள்.

ஜனவரி 6
கூட்டமே கோயிலுக்கு வந்து பார்த்தது. பால்தசார் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, இருக்கு. ஒண்ணே ஒண்ணு! இதுக்காக ஒரு மலையையா விடறது?" என்றார். அடப்பாவி, கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?

மிக்கேலா அக்காதான் எழுந்தாள். "குடிலுக்குள்ள வந்தது குடிலோட சேர்த்தி. குடில் பிரிக்கிற வரைக்கும் அதோட வீட்டுல கோடாலி விழக் கூடாது."

குடில் பிரிக்கும் வரை வெட்டுவதில்லை என்று கூட்டம் முடிவு செய்தது. நான்கு வாரம். அப்புறம்?

ஜனவரி 27
சரிவின் அடியில் வியாபாரியின் ரம்பங்கள் வந்து இறங்கிவிட்டன.

பிப்ரவரி 2
குடில் பிரிக்கும் நாள். கோயில் வாசலில் ஊரே நிற்கிறது, பால்தசார் முதல் ஆளாக. கதவு பூட்டியிருக்கிறது; குடிலைப் பிரிக்க வழியில்லை. மிக்கேலா அக்கா விடியுமுன்னே சாவியோடு பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். எப்போது வருவாள்? யாருக்கும் தெரியாது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு சன்னலுக்கு மட்டும் கொக்கி போடவில்லை. அதன் கீழே ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.