நீ திட்டிய தெலுங்கு

அன்புள்ள ராஜம்மா,

நீ போய் இரண்டு வருஷம். நாகலூரில் காப்பி பூத்துவிட்டது. "வாசனை வருதாப்பா?" என்று நம் சரசு கேட்டாள். வருகிறது என்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

நாடு இரண்டாகிவிட்டது, சிரிக்காதே. பழைய மகாராஜா வாரிசைச் சொல்லாமலே கண்ணை மூடினார். தமிழ் ராணியின் மகன் மதுரையிலும் தெலுங்கு ராணியின் மகன் கடப்பையிலும் ஒரே வாரத்தில் முடி சூட்டிக்கொண்டார்கள். அப்புறம் வீடு வீடாக ஆள் வந்து பாஷையைக் கேட்டு எழுதினார்கள்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. எட்டாம் வகுப்பு ஃபெயில், வாய் மட்டும் பி.ஏ. எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தமிழ் என்றேன்.

"பொண்ணுக்குங்க?"

"அவ அம்மா புள்ளைங்க. ஊட்டுல அவங்கம்மாகூடத் தெலுங்குலதான் சண்டை போடுவா. தெலுங்குன்னே எழுதுங்க."

உன் பேச்சு ஒரு காகிதத்திலாவது இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. வந்தவருக்குக் காப்பி வேறு கொடுத்தேன்.

போன மாதம் தாள் வந்தது. தெலுங்கு என்று எழுதியவர்கள் சித்திரைக்குள் வடக்கே போய்விட வேண்டுமாம். சரசு திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அங்க எனக்கு யாருப்பா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஏற்காடு ஆபீசுக்கு நாலு தடவை பஸ் ஏறினேன். தமிழுக்கு மாற்ற வழியில்லையாம். தெலுங்குக்கு மாறிப் போகிறவர்களைத் தடுப்பதில்லையாம். அப்படியானால் என்னையும் மாற்றுங்கள் என்றேன். கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க, தெலுங்குல நாலு வார்த்தை பேசுங்க பாக்கலாம்."

எனக்குத் தெரிந்தது நீ திட்டியதுதானே? கண்ணை மூடிக்கொண்டு, "பனிக்கிமாலின மனிஷி! நீ மொகம் மண்ட!" என்றேன், உன் குரலிலேயே. வரிசையில் நின்ற தெலுங்குக்காரம்மா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுக் கிளார்க்கிடம் சொன்னார்:

"எழுதிக்குங்க சாமி. கட்டுன பொண்டாட்டிகிட்டத்தான் இதைக் கத்துக்கிட்டிருக்கோணும்."

முத்திரை விழுந்தது. உதவாக்கரை, உன் மூஞ்சி எரிய என்று அர்த்தமாம். சரசுதான் சொன்னாள். இத்தனை வருஷம் நான் ஏதோ கொஞ்சல் என்று நினைத்திருந்தேன்.

"அங்க கடையில உப்பு வாங்கத் தெரியுமாப்பா உங்களுக்கு?"

"திட்டியே வாங்கிருவேன் கண்ணு."

அப்போதுதான் அழுதாள். எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். உன்னைப் புதைத்த இடத்துக்கு எங்களோடு வர எந்த ஆபீசிலும் தாள் தரமாட்டார்கள். புல்லை யார் பிடுங்குவார்கள்?

சரசுவைத் தனியே விடமாட்டேன். அங்கே போய் ஒழுங்காகத் தெலுங்கு படிக்கிறேன். உன்னிடம் வந்து சேரும்போது, நீ திட்டத் திட்டப் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரை,
சரசுவின் அப்பா