சம்பந்திக்குக் கீரை

1996 ஜூலை 8, திங்கள்

சம்பந்தி இன்றும் சாப்பிடவில்லை. அரைக்கீரை வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பிள்ளை இல்லாத வீட்டுக்குச் சம்பந்தி எங்கிருந்து வந்தார் என்று, இந்த டைரியைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறவர்கள் குழம்பக்கூடாது. சம்பந்தி ஓர் ஆமை. முதுகெல்லாம் நட்சத்திரம் போட்ட காட்டு ஆமை. எம்.ரெட்டியபட்டியில் வாங்கிய பழைய சாக்குக் கட்டுக்குள் ஒளிந்து எங்கள் கடைக்கு வந்தது. எதற்கெடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று எங்க வீட்டுக்காரக வைத்த பெயர். “நமக்கு வாய்ச்ச ஒரே சம்பந்தி. மரியாதையா நடந்துக்க” என்பார்கள்.

அவுக போய் இரண்டு மாதம். சாக்குக் கடையில் உட்கார்ந்தபடியே. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதில் ஊருக்குத்தான் வருத்தம். துஷ்டி வீட்டில் கொழுந்தன் பெண்டாட்டி அனுசியா என் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. பஸ் வரவில்லை.

ஜூலை 10

அவுக இருந்தவரை விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் முத்துப்பேச்சியிடம் கீரை வாங்கி வருவார்கள். கொல்லையில் சம்பந்திக்கு அவுகளே வைப்பார்கள். நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. “எனக்கு ஒரு முழம் பூ வாங்கத் தெரியாது, ஆமைக்குத் தெனமும் கீரை” என்று இடிப்பேன். “மிச்சத்தைத்தான் ஒனக்குக் கூட்டு வைக்கச் சொல்றேனே” என்பார்கள். ஆறு வருஷமாக ஆமையின் எச்சில் இலையில் சாப்பிட்ட பெண்பிள்ளை இந்த அருப்புக்கோட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது நான் விடியற்காலையில் போய் நின்றால் கீரைக்காரிகளுக்கு அவசரமாகச் சாக்கை உதறுகிற வேலை வந்துவிடுகிறது. தாலி இழந்தவள் கையால் போணி ஆனால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடுமாம். முத்துப்பேச்சிதான் வாயைத் திறந்து சொன்னாள். “அக்கா, கோவிச்சுக்கிறாதீக. யாராச்சும் ஒரு கட்டு வாங்கிரட்டும். செத்த அந்த டீக்கடைப் பக்கம் நில்லுங்க.”

நின்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. வாடியது இரண்டு கட்டு கிடைத்தது. கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்! காலணாவுக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறவள்.

ஜூலை 15

பாளையம்பட்டி போகிற வழியில் காளிராஜ் தன் மளிகைக் கடையின் நடுச்சுவரை இடித்துவிட்டு, ‘சூப்பர் மார்க்கெட்’ என்று போர்டு வைத்திருக்கிறான். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எடுக்கிறோமா, திருடுகிறோமா என்று பார்க்க ஒரு பெண் பின்னாலேயே வருகிறாள். மத்தியானம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பாலித்தீன் பையில் கீரைகள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. பாலக்கீரை, கொத்தமல்லி, முட்டைக்கோசு, அப்புறம் கோசுக்குச் சீக்கு வந்தது போல் ஒன்று.

“அது லெட்யூஸ், ஆன்ட்டி. கொடைக்கானல்ல இருந்து வருது.”

“ஆரு வாங்குறா?”

“இதுவரைக்கும் ஆரும் வாங்கல, ஆன்ட்டி.”

பாவமாக இருந்தது, வாங்கினேன். எனக்குப் பிடித்தது காசு வாங்குகிற மிஷின்தான். பொத்தானை அமுக்கினால் ‘டிங்’ என்று வாயைத் திறக்கிறது. அதற்குத் தாலியும் தெரியாது, போணியும் தெரியாது. இனி இங்கேதான்.

ஜூலை 16

லெட்யூஸ் வைத்தேன். சம்பந்தி அதன்மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது.

ஜூலை 19

கொழுந்தன் சங்கரலிங்கம் வந்தான். இப்போது கடையை அவன்தான் பார்க்கிறான். உட்காரவில்லை.

“மதினி, அது வந்த பொறவுதான் அண்ணன் போனாக. ஊரே சொல்லுது.”

“அது வந்து ஆறு வருசமாச்சு தம்பி. ஆறு வருசமா மெதுவா நடந்து வந்து கொன்னுச்சாக்கும்?”

சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான். அண்ணன் மாதிரியே மூக்கு விடைத்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

“தின்னவும் மாட்டேங்குது. செத்து நாறுறதுக்கு முந்தி பந்தல்குடிப் பக்கம் காட்டுல விட்டுட்டு வாரேன். ஆடி அமாவாசை வரைக்கும் பாப்பேன்.”

“தின்னுச்சுன்னா?”

“தின்னா இருந்துட்டுப் போகட்டும்.”

நான் ஏன் வாதாடினேன்? எனக்கு அந்த ஆமையைக் கண்டாலே ஆகாது.

ஜூலை 24, புதன்

இன்று சூப்பர் மார்க்கெட்டுக்குக் கதவு திறக்கும்போதே போய்விட்டேன். முதல் நாள் கீரை ஒருவேளை வாடையடிக்கிறதோ, அதனால்தான் தின்னவில்லையோ என்று. பாலக்கீரையில் பழுப்பில்லாததாகத் தேடி எடுத்து மிஷினிடம் போனேன். அந்தப் பெண் காளிராஜைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

“ஆன்ட்டி, மிஷின் இன்னும் சூடாகல. செத்த நில்லுங்க.”

நின்றேன். நெற்றி நிறையப் பொட்டோடு ஒருத்தி ஷாம்பு பாக்கெட் வாங்க வந்தாள். டிங். மிஷின் சூடாகிவிட்டது.

பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அவுககிட்டச் சொல்லணும்னு வேகமா நடக்கேன் — ஏங்க, கேட்டீகளா, மிஷினும் போணி பாக்குதுங்க — தேர்முட்டி வரைக்கும் அப்படித்தான் நடந்தேன்.

அப்புறம் மெதுவாக நடந்தேன்.

ஜூலை 30

சம்பந்தி கண்ணைத் திறக்கவில்லை. முதுகில் தட்டினேன். உள்ளே ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் என்னை யாரும் பந்தல்குடிக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

செய்துவிட்டேன்.

விடிந்ததும் சம்பந்தியை ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். முத்துப்பேச்சி அப்போதுதான் சாக்கை விரித்து, கட்டுகளைப் பிரித்து, புல்லையும் களையையும் கிள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் டீக்கடைப் பக்கம் திரும்பியது.

“நான் போணி பண்ணலடி. இவரு பண்றாரு” என்று ஆமையை அவள் சாக்கில் இறக்கி, முதுகில் ஒரு ரூபாயை வைத்தேன்.

“ஆத்தாடி, ஆமையில்ல கொண்டாந்திருக்கா!” என்றாள் பக்கத்துக்காரி.

“ஆமா. நானும் ஆகாது, ஆமையும் ஆகாது. ரெண்டும் சேந்து வந்தா என்ன ஆகும்? சாஸ்திரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.”

முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

அந்த நேரத்தில் சம்பந்தி தலையை நீட்டியது. ரூபாயோடு நடந்தது. அரைக்கீரையைத் தாண்டியது, சிறுகீரையைத் தாண்டியது, பொன்னாங்கண்ணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓரத்தில் கிள்ளிப் போட்ட களையில் போய் வாயை வைத்தது. சதக், சதக் என்று சத்தம்.

“அதத்தானக்கா அது திங்கும்! அண்ணாச்சி தெனமும் அந்தக் கழிசலச் சும்மா அள்ளிட்டுப் போவாக” என்றாள் முத்துப்பேச்சி.

“அப்ப கீரை?”

“கீரை ஒங்களுக்கு. ‘அவளுக்கு அரைக்கீரைன்னா உசுரு, நல்ல கட்டாக் குடு முத்துப்பேச்சி’ம்பாக. நான் இளங்கட்டாப் பாத்து எடுத்து வச்சிருப்பேன்.”

ரூபாயை ஆமை முதுகிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தேன். கால் மரத்துப் போகிறவரை உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி தின்றுகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 6

மிச்சம்னு சொன்னீகளே. ஆறு வருசம். ஒரு நாளாவது வாய் தவறிச் சொல்லியிருக்கலாமில்ல? நான் பேசின பேச்சுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே — பாவி மனுசா.

ஆகஸ்ட் 9

மார்க்கெட்டில் தினமும் சம்பந்திதான் போணி. வியாபாரம் படுக்கவும் இல்லை, பறக்கவும் இல்லை. எப்போதும் போலத்தான் என்கிறாள் முத்துப்பேச்சி. பக்கத்துக்காரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆகஸ்ட் 14, ஆடி அமாவாசை

சங்கரலிங்கம் சொன்னபடி சாக்கோடு வந்தான். கொல்லையில் சம்பந்தி களையை மென்றுகொண்டிருந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தது. மென்றது. ரொம்ப நேரம் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன.

“தரை சுடுது மதினி” என்றான். சாக்கை மடித்து அதன் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனான்.

அக்டோபர் 21, திங்கள்

நேற்றிலிருந்து மழை. கொல்லையிலேயே களை முளைத்துக் கிடக்கிறது. சம்பந்தி வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்குகிறது, எழுப்பினால் கோபித்துக்கொள்கிறது. விட்டுவிட்டு, வெறுங்கூடையோடு நான் மட்டும் போனேன். மார்க்கெட்டில் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. டீக்கடைப் பக்கம் போகலாமா என்று நின்றேன். முத்துப்பேச்சி அரைக்கீரைக் கட்டில் ஒட்டியிருந்த ஈர மண்ணை உதறி என் பக்கம் நீட்டினாள்.

“கட்டு எம்புட்டுடி?” என்றேன்.

“ஒன்றரை.”

“ஒன்றரையா? இந்தக் கட்டா? இத என் சம்பந்திகூட மோந்து பாக்காதுடி. ஒரு ரூவா.”

முத்துப்பேச்சி பக்கத்துக்காரி பக்கம் திரும்பினாள்.

“ஏத்தா, கேட்டியா? அக்கா பேரம் பேச ஆரம்பிச்சுட்டாக.”