தாய்மாமன் வீட்டுப் பொம்மைகள்

விழுப்புரம்
3.6.2024

வாணி,

நீ என் பொம்மைகளைத் தூக்கில் போட்டிருக்கிறாய். நேற்று திண்டிவனம் வந்தபோது பேருந்திலிருந்தே பார்த்தேன். நீங்கள் கட்டும் புது வீட்டின் மாடிக் கம்பியில், பூசணிக்காய்க்குப் பக்கத்தில், கழுத்தில் சணல் கயிறோடு மூன்றும் தொங்குகின்றன. முகமெல்லாம் கரி.

உன் மகள் வெண்ணிலாவின் அலமாரியில் வைக்கப்போகிறேன் என்று சொல்லித்தான் வாங்கிப் போனாய். அறுபதுகளில் வெளிநாட்டில் செய்தவை. ஒன்றின் காதில் பித்தளைத் தோட்டின் களிம்பு ஏறிப் பச்சை பிடித்திருந்தது. அதைப் போக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. வெயில் பட்டால் உதட்டுச் சாயம் வெளுத்துவிடும் என்று என் வீட்டு மேற்கு ஜன்னலை நான் திறப்பதே இல்லை. உனக்குத் தெரியும்.

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் தபாலில் கேட்கிறேன். ஏன் செய்தாய்?

அண்ணன்,
அறிவுச்செல்வன்


திண்டிவனம்
10.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வாணி எழுதுவது. சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாயா? தனியாக இருக்கிறவன், வாய்க்குக் கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுத்துவிடாதே.

கட்டியது நான் இல்லை. கண் படாமல் இருக்க ஏதாவது கட்டுங்கள் என்றார் மேஸ்திரி. வைக்கோலில் ஒன்று செய்திருக்கலாம். இவர்தான் உள்ளே போய் அவற்றை எடுத்துவந்தார். "என் மச்சான் பொம்மையப் பாத்தா எவனுக்கும் கண்ணு வைக்கத் தோணாது" என்று கொத்தனார்கள் முன்னால் சொல்லிச் சிரித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்திருப்பேன் சொல். உன் நம்பரைத் தடுத்ததும் அவர்தான்.

வெண்ணிலாவுக்கு வல்லத்தில் இடம் கூடி வந்திருக்கிறது. பையன் வாத்தியார், பெயர் வல்லரசு. அவனுடைய அம்மா காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டாள். "ஏம்மா, பொண்ணுக்குத் தாய்மாமன் பொம்மைக்கு ஜாக்கெட் தெச்சிக்கினு இருக்காராமே? கல்யாணமும் பண்ணிக்கலியாமே?" பலகாரம் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன் அண்ணா.

நீ யாருக்கும் கெடுதல் செய்தவன் இல்லை. ஆனால் முறைப்படி அவர்கள் தாய்மாமன் வீட்டுக்கு வந்து தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். ஆனிக்குள் வருவார்கள். அந்தக் கண்ணாடி அலமாரியை அவர்கள் பார்க்கக் கூடாது. எனக்காக.

உன் தங்கை,
இசைவாணி


விழுப்புரம்
27.6.2024

அன்புள்ள வாணி,

அலமாரி காலி.

முதல் பொம்மை உனக்காகத்தான் வந்தது, நினைவிருக்கிறதா? புதுச்சேரியில் வேலை பார்த்த வீட்டுக் குப்பையிலிருந்து அம்மா எடுத்து வந்தாள். காணை கிராமத்தில் அப்பா யாருடைய நிலத்தில் வேலை செய்தாரோ அந்த வீட்டுக்காரி, "உங்களுக்கு ஏதுடி இது?" என்று கேட்டாள். தான் திருடி இல்லை என்று சொல்ல அம்மா அந்த வாசலில் வெயிலில் நின்றாள். அதற்குப் பிறகு நீ அதைத் தொடவில்லை. நம் வீட்டுக்கு வந்த ஒரே அழகான பொருளையும் பயந்து விட்டுவிடுவதா என்று நான் எடுத்துக்கொண்டேன். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், கோட்டக்குப்பத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீடுகளிலும் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் அதற்குத் துணையாகத்தான். அன்று நம்மை வாசலில் நிறுத்தியவர்கள் ஊர்க்காரர்கள். இன்று நிறுத்துவது நம் சனமே.

எல்லாவற்றையும் எங்கள் தெரு ஆரோக்கியசெல்வி டீச்சரின் அங்கன்வாடிக்குக் கொடுத்தேன். மறுவாரம் மனது கேட்காமல் போய்ப் பார்த்தேன். ஒன்றுக்குத் தலை இல்லை. ஒன்றின் பொன்னிற முடிக்கு எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளை என்ன சொல்ல, விளையாடத்தானே செய்த பொருள். "ஏன் சார் கண் கலங்குறீங்க, வேணும்னா திருப்பி எடுத்துக்கினு போங்க" என்றார் செல்வி. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அவர்களை வரச் சொல். மேற்கு ஜன்னலைத் திறந்துவிட்டேன், கூடத்தில் நல்ல வெளிச்சம். பக்கத்து வீட்டில் நாற்காலிகள் கேட்டு வைத்திருக்கிறேன். வெண்ணிலாவுக்குப் பட்டுப்புடவை பார்த்திருக்கிறேன். அரக்கு நிறம் அவளுக்குப் பிடிக்கும்தானே?

அன்பு அண்ணன்,
அறிவு


திண்டிவனம்
19.7.2024

அன்புள்ள அண்ணா,

அரக்கு பிடிக்கும். ஆனால் எடுக்காதே.

அவர்கள் விழுப்புரம் வரப்போவதில்லை. நம் பெரியம்மா மகன் விருத்தாசலம் அண்ணன் தாய்மாமனாக நிற்கிறார். பத்திரிகையில் அவர் பெயர்தான் இருக்கிறது. அலமாரி காலியாகிவிட்டது என்று நானும் இவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அலமாரி காலியாயிடுச்சி. ஊரு வாய எங்க கொண்டுபோய் கொட்டறது?" என்கிறார். வெண்ணிலா அழுதாள். பிறகு அவளும் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு வராதே அண்ணா. உன்னைப் பற்றி அவர்களிடம் ஒன்று சொல்லி முடித்தாகிவிட்டது. என்ன சொன்னோம் என்று கேட்காதே. எல்லாம் அடங்கியதும் ஒருநாள் நானே வருகிறேன்.

வாணி


விழுப்புரம்
20.9.2024

வாணி,

கேட்காமலே தெரிந்துவிட்டது. ஆரோக்கியசெல்வி மாப்பிள்ளை வீட்டு வழியில் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். பந்தியில் வல்லரசுவின் அம்மா அவரிடம், "பொண்ணுக்குச் சொந்தத் தாய்மாமன் இல்ல, எப்பவோ செத்துட்டாராம் பாவம். அந்தப் பொம்மைக்காரரு ஏதோ தூரத்துச் சொந்தமாம்" என்றாளாம். செல்வி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். என்னிடம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவரே அழுதார்.

பைத்தியக்காரன் என்று சொல்லியிருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரே அப்படித்தான் செய்கிறது. கேட்டதையெல்லாம் கொடுத்த பிறகுமா என்னைச் சாகடித்தீர்கள்?

அதை முதலில் சொன்னது யார்? உன் புருஷன் துரைக்கண்ணு சொல்லியிருந்தால் நான் மறந்துவிடுவேன். எழுது.

அறிவுச்செல்வன்


விழுப்புரம்
14.12.2024

வாணி,

வெள்ளம் வடிந்துவிட்டது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் மறுபடி வருகிறார். தபால் தொலைந்தது என்று சொல்ல உனக்கு வழியில்லை. அக்டோபரில் எழுதினேன், நவம்பரில் எழுதினேன்.

வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் செத்துவிட்டேன் என்று சொன்னது அவர் வாயா, உன் வாயா? ஒரே வரி போதும். உன் கையால் எழுது.

அறிவுச்செல்வன்