மேசையில் நிரம்பியே இருந்த பாட்டில்

சிஸ்டர்,

திங்கள்கிழமை முதல் பகல் ஷிப்டுக்கு வார்டில் இரண்டாவது நர்ஸ் வருகிறார். எஸ்டேட் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் இன்று காலை இதை உறுதி செய்தார். ஆணையையும் வாங்கிப் படித்தேன். கையெழுத்து இருக்கிறது. நீங்கள் எழுதிக் கேட்டது இதைத்தான்.

உங்கள் பழைய மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்ணுடையது. மணி பதினொன்று ஆகியும் கழுத்துவரை தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடிய சமயம் அது. செய்தி சேகரிக்க வந்தவன் கேட் அருகிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சும்மா நின்ற கொழுந்து லாரியில் ஏற்றி உங்களிடம் கொண்டுவந்தார்கள். ஆட்குறைப்பில் பகல் ஷிப்டின் மூன்று நர்ஸ்களில் நீங்கள் ஒருவர்தான் மிஞ்சியிருந்தீர்கள். பதினாறு கட்டில், நடுவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு பச்சைத் திரை.

“கிட்னியில கல்லுங்க சார். மூணு லிட்டர் குடிக்கோணும். குடிச்சதையும் எழுதோணும், போனதையும் எழுதோணும். பேப்பர்காரருக்கு எழுதறது என்னுங்க கஷ்டம்?” என்றீர்கள்.

மூன்று நாள் எழுதினேன். வேறு வேலை இல்லாததால் உங்களையும் கவனித்தேன். காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை மேசையிலிருந்த உங்கள் பாட்டிலை நீங்கள் தொட்டது இரண்டே முறை. இரண்டுமே சார்ட்டை விரிக்க இடம் செய்வதற்காக நகர்த்தியவை. இங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டேன். “கொஞ்சம் கலங்கல்தானுங்க, காய்ச்சித்தான் குடிக்கோணும்” என்றீர்கள். அவ்வளவுதான் கேட்டேன். பார்த்ததையும் கேட்டதையும் நானே முடிச்சுப் போட்டு, நல்ல குடிநீர் இல்லாததால் ஷிப்டு முழுவதும் தாகத்தோடு வேலை பார்க்கும் நர்ஸ் என்று எழுதினேன்.

ஒரே வாரத்தில் நிர்வாகம் வார்டில் வாட்டர் ஃபில்டர் மாட்டியது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, படமும் எடுத்தார்கள். பத்தாம் நாள் மறுபரிசோதனைக்குப் பெருமையோடு வந்தேன். நீங்கள் ஒரு காகிதத்தை நீட்டினீர்கள். இன்னொரு நர்ஸ் கேட்டு நீங்கள் போட்டிருந்த மனு. ‘குறை தீர்க்கப்பட்டது’ என்று அதன் மேல் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

“ஏனுங்க சார், இந்த ஊர்ல தண்ணிக்கா பஞ்சம்? வருசம் பாதி மழை. குடிச்சா போகோணும். போனா வார்டுல யாருங்க?”

பிறகு ஜன்னல் வழியே காட்டினீர்கள். கட்டிடத்துக்குப் பின்னால், விறகுக் கொட்டகையையும் தாண்டி, பனிமூட்டத்தில் பாதி மறைந்த கழிவறை. ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் ஐந்தாம் கட்டில்காரர் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி, படுக்கையெல்லாம் ரத்தம். அன்றோடு ஷிப்டில் தண்ணீரை விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். “இந்தக் குளிர்ல தாகமும் தெரியறதில்லைங்க” என்று அதையும் ஒரு வசதிபோலச் சேர்த்துக்கொண்டீர்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் நீர்க்கடுப்போடு சேர்ந்திருந்த அம்மாள், இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து எடுத்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மலையில நாங்களும் அப்பிடித்தான் சிஸ்டர். விடிய ஒரு பிளேன்டீ, அதோட சரி. செடிக்குள்ள எங்க போறது? அதுதான் இங்க வந்து படுத்துக் கெடக்கிறன்.” பேசிக்கொண்டே எழுந்து வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். “நீங்க போயிட்டு வாங்க. யாரும் சாகப் பார்த்தா சத்தம் போடுறன்.”

“பேஷன்டு நாற்காலியில, நர்ஸ் வெளியில. இதையும் பேப்பர்ல போட்டுடாதீங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனீர்கள். அந்த அம்மாள் வீடு திரும்பும் வரை நான்கு நாள் அப்படி நடந்ததாகப் பின்னால் சொன்னீர்கள்.

திருத்தம் வெளியிட்டோம். உள்பக்கத்தில் மூன்று வரி. ஃபில்டர் மாட்டிய படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது. உங்கள் மனுவை அதன்பின் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த ஷிப்டில் நீங்கள் ஒருவர்தான்.

சிறுநீரகம் கெட்டு நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. வார்டில் தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொல்லாததை எழுத எனக்கு உரிமையில்லை. மனு திரும்பி வந்தது என் செய்தியால். அது தெரியும், அதை எழுதலாம்.

அதற்குப் பிறகு, யார் எதை இல்லை என்று சொன்னாலும் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்கிறேன். அது வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இன்று உங்கள் மேசையில் இருக்கும் அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். இன்னொரு நர்ஸ் வந்தால் தண்ணீர் குடிப்பீர்களா?

“ஆள் வந்தா பாதி சரிங்க. அந்த பாத்ரூமுக்குப் போயிட்டு வர நேரத்துல ரெண்டு பேருக்கு ஊசி போட்டுடலாம்” என்றார்.

வார்டை ஒட்டியே புதுக் கழிவறை கட்டியிருக்கிறார்கள். குழாய் வந்துவிட்டது, கதவு வரவில்லை. ஜூன் மழைக்கு முன் மாட்டிவிடுவதாக மேஸ்திரி சொல்கிறார். ஜூன் முதல் வாரம் போய், கதவையும் பார்ப்பேன், பாட்டிலையும் பார்ப்பேன்.