போஸ்ட்டில் பட்ட பந்து

ஜூலை 5, சனி

குளுவாங்கில் காலையிலிருந்தே புழுக்கம். மூன்று மணிக்கு ஹாக்கி மைதானம். குடை, தண்ணீர், பென்சில் இரண்டு.

முதல் பாதி என் மகள் உமா கோல்கீப்பர். இரண்டாம் பாதி பக்கத்து ஊர் பாலோவிலிருந்து வரும் பெண் அயிஷா. 1-2, தோல்வி. பின்வரிசை நடைப்பயிற்சிக்கு வந்ததுபோல் நடந்தது. ஐந்துக்கு நான்கு தடுத்தாலும், பத்துப் பந்து வந்தால் இரண்டு உள்ளே. நம் முன்வரிசை அடிப்பதோ ஆட்டத்துக்கு ஒரு கோல். இந்த அணி ஜெயிப்பதும் தோற்பதும் கீப்பர் கையில்தான்.

பயிற்சியாளர் மணியம் வந்தார். கீப்பர்கள் எத்தனை பந்து தடுக்கிறார்கள் என்று என்னை எழுதச் சொன்னவரே அவர்தான். மற்றவர்கள் ஆட்டத்தின்போது கைப்பேசியைப் பார்க்கிறார்களாம்.

“ஆண்ட்டி, அடுத்த வாரத்திலிருந்து ஒரே கீப்பர்தான் லா. யாருக்குப் பர்சன்டேஜ் கூடவோ அவங்க. சமம்னா உமா, சீனியர்.”

“நான் அவளோட அம்மா. வேற யாரையாச்சும் எண்ணச் சொல்லுங்க.”

“அலமாக்! சொந்த மகளுக்கே மார்க் குறைக்கிற ஆளு நீங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

உமா சிங்கப்பூரில் நர்ஸ். ஆட்டம் இருந்தால் வருவாள், ஓர் இரவு தங்குவாள். ஆட்டம் இல்லாத மாதத்தில் வந்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பிவிட்டாள். சிங்கப்பூர் போகும் காஸ்வே பாலத்தில் நெரிசலாம். இட்லி இரண்டுதான் சாப்பிட்டாள். கால் காப்புகளை அறையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அறை முழுக்க வியர்வை நாற்றம். சன்னலைத் திறக்கவில்லை.

எல்லா ஆட்டங்களையும் கூட்டினேன். உமா இருபதுக்குப் பதினைந்து. அயிஷா பன்னிரண்டுக்கு ஒன்பது. இரண்டும் நூற்றுக்கு எழுபத்தைந்து. சமம்! உமா நிற்பாள்.

பாயசம் வைக்க நினைத்தேன். ஒரு ஆளுக்கு எதற்கு.

ஜூலை 7, திங்கள்

சரியான தூக்கம் இல்லை. சனிக்கிழமை உமா பாய்ந்தபோது ‘டங்’ என்று கேட்டது. கோல் போஸ்ட்டில் பட்டுத் திரும்பிய பந்து கணக்கிலேயே சேராது. தடுத்ததாக எழுதியிருக்கிறேன். கான்வென்ட்டில் கணக்குக்கு முதல் பரிசு வாங்கியவள்! அதை எடுத்தால் பத்தொன்பதுக்குப் பதினான்கு. எழுபத்து நான்குகூட வரவில்லை.

உமாவை அழைத்தேன்.

“அந்தக் கடைசிப் பந்து, உன் கையில பட்டுச்சா?”

“இல்லமா. போஸ்ட்டுதான். நான் லேட்டு.”

“மணியத்துகிட்ட சொல்லணும்.”

“சொல்லுங்க. நீங்க சொல்லலன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கும்.”

சிரித்தாள். நான் வளர்த்த பெண்.

ஜூலை 9, புதன்

மழை. மீன்காரர் வரவில்லை. மணியத்திடம் சொன்னேன்.

“ஒரு பந்துதானே ஆண்ட்டி, யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

அயிஷாதான் இனி.

கூரை ஒழுகும் இடத்தில் வாளி. உமாவின் அப்பா இருந்தவரை இதெல்லாம் என் காதுக்கே வராது.

ஜூலை 11, வெள்ளி

வெயில். திரைச்சீலைகள் துவைத்தாயிற்று. மாலையில் உமா அழைத்தாள், பஸ்ஸிலிருந்து.

“மா, நாளைக்கு கிரவுண்டுக்குப் போறீங்களா?”

“எண்ண வேற ஆள் இல்லையே.”

“எனக்கு அங்க வேலை இல்ல. ஆனா ஆஃப்தான். சும்மா வீட்டுக்கு வரட்டா?”

சும்மா. இதுவரை அப்படிக் கேட்டதே இல்லை.

“உன் சௌகரியம்” என்றேன்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே சொன்னாள்:

“சரிமா. அப்ப ஓவர்டைம் எடுத்துக்கிறேன். ஆஸ்பத்திரில ரொம்ப நாளா கேக்கிறாங்க.”

“நல்லது” என்றேன்.

‘வா’ என்பது ஒரே எழுத்து.