பணிஸ் பாட்டு

பிள்ளை மடுவம்,
மேற்பிரிவு,
தெரணியகலை.
14.06.2002

பெருமதிப்பிற்குரிய திருமதி சீதாலட்சுமி இராமையா அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை மாதம் ஈப்போவிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்திற்கு ஏழு மாதங்கள் கழித்துப் பதில் எழுதுகிறேன். இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். சோம்பல் காரணமன்று.

இருபத்திரண்டு நாட்டுத் தாலாட்டுகளை ஒரே இசைத்தட்டில் சேர்க்கப்போவதாகவும், பாடிய தாய்மாரின் சம்மதக் கையொப்பமும் ஒவ்வொருவரைப் பற்றி நான்கு வரிகளும் தேவை எனவும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பு தாங்கள் அனுப்பிய வெற்று ஒலிநாடா இங்கு வந்து சேர்ந்த நாள் எனக்கு நன்கு நினைவிருக்கிறது. பிரேசிலிலும் நோர்வேயிலும் உள்ள தாய்மார் இதைக் கேட்பார்கள் என்றதும், றப்பர் பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் கைகூடக் கழுவாமல் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் மடுவத்து வாசலில் கூடிவிட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளை தூங்காவிட்டால் நம்மைக் குறைசொல்ல மாட்டார்களே என்று ஒருத்தி கேட்க, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் விழித்துக்கொள்ளுமளவு சிரித்தார்கள். பதிவு செய்யும் கருவியைப் பஜார் கடைக்காரர் அப்துல் ரஸாக் நானா இரவல் தந்தார். ஆறு பேர் பாடிப் பதிந்த அந்நாடாவைத்தான் தங்களுக்குத் திருப்பி அனுப்பினேன்.

ஐவரின் கையொப்பங்களை இத்துடன் இணைத்துள்ளேன். ஆறாமவளின் கையொப்பம் இல்லை.

கடைசியாகப் பாடிய தர்மிளா என் ஒரே மகள். சென்ற ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். வயது இருபத்துநான்கு. தங்கள் கடிதம் அடுத்த மாதம் வந்தது. நான்கு வரிகளில் அவளை எப்படி எழுதுவதென்று தெரியாமல் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

இனி எழுதுவதை என் வீட்டார் எவரிடமும் நான் சொன்னதில்லை.

தங்களிடமுள்ள நாடாவில் தர்மிளா பாடுவது பொன்னால் செய்த தொட்டிலையும் முத்துப் பந்தலையும் பற்றிய பாட்டு. அது நான் எழுதிக் கொடுத்தது. அதற்கு முன்னர் அவள் தன் பாட்டையே பாடியிருந்தாள். மழை பெய்தால் இங்கே பால் வெட்ட முடியாது. வேலை செய்ததாகப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதைத்தான் தன் மகள் டிலானியை மடியில் போட்டுக்கொண்டு பாடினாள்:

“மழையே மழையே மலைக்கு அங்கிட்டுப் போ,
அப்பாவுக்குப் பேரு விழணும்,
பபாவுக்குப் பணிஸ் வாங்கணும்.”

இடையிடையே சிங்களம் வந்தது. பிள்ளையின் அப்பன் விடும் குறட்டையும் பாட்டுக்குள் வந்தது. பாட முடியாமல் நடுவில் சிரித்துவிட்டாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் மூன்றாம் வகுப்புடன் நின்றவள். அதன்பின் கற்றதெல்லாம் நானே தேடிக் கற்றது. உலகம் கேட்கவிருக்கும் பாட்டில் பணிஸ் ரொட்டியும் குறட்டையும் வரலாமா என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, அதன்மேல் மறுபடி பாடச் சொன்னேன்.

“சரிம்மா, ஒங்க பாட்டையே பாடுறேன். ஆனா அதுக்கு எம்புள்ள தூங்காது” என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. டிலானிக்கு இப்போது மூன்று வயது. பகலில் என்னுடன் மடுவத்தில்தான் இருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் என் பாட்டுக்கு உறங்கிவிடுகிறார்கள். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “அது இல்ல அம்மாயி, பணிஸ் பாட்டு” என்கிறாள். அந்த மூன்று வரிகளை நான் பாடிப் பார்த்தேன். “அம்மா மாதிரி இல்ல” என்றாள். மருமகன் விஜேந்திரனிடம் கேட்டேன். ஒவ்வொரு நாளும் புதிதாகச் சேர்த்துப் பாடுவாள் என்றார்; பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவளுடைய குரல் வேறெங்கும் இல்லை.

போன வாரம் ரஸாக் நானாவின் கடைக்குப் போய், அழித்த குரல் அந்தக் கருவிக்குள் எங்காவது தங்கியிருக்குமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் பாடியது நீளமா, பிறகு பாடியது நீளமா என்று விசாரித்தார். முதலாவதுதான் நீளம் என்றேன்.

“புதுப் பாட்டு ஓடின தூரத்துக்குத்தான் பழசு அழியும் கருப்பாயி அக்கா. அதுக்குப் பொறகு உள்ளது அப்பிடியே கிடக்கும்” என்றார்.

அம்மையாரே, நான் வேண்டுவது இதுதான். அந்நாடாவின் இரண்டாம் பக்கத்தில் என் பாட்டு முடிந்ததும் கருவியை நிறுத்திவிடாதீர்கள். சற்று நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். இசைத்தட்டுக்காக யாரேனும் அவ்விடத்தை வெட்டுவதாயிருந்தால் தடுத்துவிடுங்கள். ஒரு வரி இருந்தாலும், வெறும் சிரிப்பு மட்டுமே இருந்தாலும், அதை ஒரு நாடாவில் பதிந்து அனுப்புங்கள். கருவியை எந்நேரமும் தருவதாக நானா சொல்லியிருக்கிறார்.

பொன் தொட்டில் பாட்டை இசைத்தட்டில் சேர்ப்பதும் விடுவதும் தங்கள் விருப்பம். சேர்ப்பதாயின் நான்கு வரிகளில், இது அவளுடைய பாட்டன்று, அவளுடைய தாயின் பாட்டு என்று எழுதிவிடுங்கள்.

தங்கள் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் நீண்ட ஆயுளுடன் தங்கள் அருகிலேயே இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணிவன்புள்ள,
ஐ. கருப்பாயி
பிள்ளை மடுவப் பொறுப்பாளர்

பி.கு: அங்கே ஒன்றும் இல்லாவிட்டால், இல்லை என்றாவது எழுதுங்கள். பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.