மிளகு டப்பாவில் கிடந்த அம்பு

மருமகள் இன்று காலை ரசம் வைக்க மிளகு டப்பாவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “அத்தை, இது என்ன, கோணி ஊசியா?” என்று கேட்டாள். அவள் விரல் நுனியில் இருந்தது உன் செபஸ்தியாரின் அம்பு.

சுண்டுவிரல் நீளத் தகர அம்பு. மிளகோடு மிளகாகக் கிடந்து கறுத்துப் போயிருக்கிறது. “இது உன் வீட்டுக்காரனோட அத்தை சொத்து, தொடாத,” என்று பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் இன்றைக்கு முக்கால்வாசி வீட்டில் மிளகு ரசம்தான். டிவியில் மறுபடியும் ஒரு காய்ச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் என் வாயில் நுழையவில்லை. எங்கள் ஃபிளாட் கேட்டில் கை கழுவுகிற வாளி திரும்ப வந்துவிட்டது. லிஃப்டில் ஒருத்தர் இருமினால் மற்றவர் தன் மாடி வருவதற்கு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறார். யாரும் யாரோடும் நின்று பேசுவதில்லை. இந்த அமைதி எனக்குத் தெரியும். நம் பாலக்கரைச் சந்தில் இதைக் கேட்டிருக்கிறேன்.

நீயும் கேட்டாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும் பயப்படுவார்கள். உனக்கு இனிமேல் என்ன பயம்?

எழுதுகிறேன் என்பதால் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நான் தொட்டியத்து வாழைத் தோட்டத்திலிருந்து வந்தவள். உன் அண்ணனைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் வாங்கினவள். அன்றைக்குக் கோயில் வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றேன். நீ தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, உன் சேக்காளிகளிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே, “தண்ணி காயட்டும்டி, அப்புறம் பாக்கலாம், எத்தனை நாளைக்கு வேதக்காரியா இருக்கான்னு,” என்றாய்.

அதிலிருந்து நான் எது செய்தாலும் உனக்கு அந்தத் தண்ணீர்தான். விசுவாச மந்திரத்தில் ஒரு வார்த்தை தடுக்கினால், “ஈரம் காயல.” பிள்ளைக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகினேன், “ஈரம் காயல.” எனக்குப் பேரன் பிறந்த பிறகும் நீ அந்தப் பேச்சை விடவில்லை.

செபஸ்தியார் சுரூபம் உன் வீட்டில் இருந்தது. மரத்தில் கட்டிப்போட்ட ஆள், உடம்பெல்லாம் அம்பு. கொள்ளை நோய்க்குக் காவல் என்று உங்கள் தாத்தா காலத்திலிருந்து வைத்துக் கும்பிட்டது. தை மாதம் சப்பரத்தில் ஏறி சந்தைச் சுற்றி வருவார். வாசலுக்கு வாசல் உப்பும் மிளகும் போடுவார்கள், அம்பில் உதடு பதித்து முத்தி செய்வார்கள். என்னை மட்டும் நீ தொடவிட்டதில்லை. “நீங்க மிளகப் போடுங்க அண்ணி, அது போதும்.” உப்பும் மிளகும் சமயபுரத்தாளுக்கும் போடுகிறதுதானே என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தவக்காலம் முடிகிற வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை.

பிறகு அந்த வருஷம் வந்தது. உலகமே கதவைச் சாத்திக்கொண்ட வருஷம். உன் அண்ணன் அதற்கு முன்பே கண்மூடிவிட்டார். என் வீட்டில் நான் தனி. எதிர்வீட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும். அவருக்குக் காய்ச்சல் கண்டது. தலையிலிருந்து கால் வரை வெள்ளையாகப் போர்த்திய ஆட்கள் வந்து அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உன் வாசலில் தகரம் அடித்தார்கள். ஆணி இறங்குகிற சத்தத்தைச் சந்தே கதவிடுக்கில் நின்று கேட்டது.

அவர் திரும்பி வரவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, முகம் காட்டாமலே கல்லறையில் இறக்கினார்கள். நீ தகரத்துக்குப் பின்னால் நின்று போனில் அந்தக் குழியைப் பார்த்தாய். துக்கம் கேட்க ஒரு காக்கா வரவில்லை. கோயில் பூட்டிக் கிடந்தது. துக்க மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் தூக்கமே வரவில்லை என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் யார் செத்தார்கள் என்பதே தெரியாமல் போனது. மணியைவிட அதுதான் பயம்.

தகரத்தைக் கழற்றிய மறுநாள், உச்சி வெயிலில், நீ செபஸ்தியாரைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாய். சப்பரம் இல்லை, பேண்டு இல்லை. முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைக்கிற மாதிரி வைத்திருந்தாய்.

முதலில் முனை வீட்டு அந்தோணியம்மா கதவு. வருஷா வருஷம் சப்பரத்துக்கு முதல் மாலை போடுகிறவள். படக். அடுத்தது, செபமாலை முன்னின்று சொல்கிறவர் வீடு. படக். தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக உனக்கு முன்னால் விழுந்துகொண்டே வந்தது. எந்தக் கதவுக்கு எந்தச் சத்தம் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

மாடியிலிருந்து ஒருத்தன் மூடின ஜன்னலுக்குப் பின்னால் கத்தினான். “சித்தி! கும்பிட்டுக்கிட்டோம் சித்தி! அப்படியே திரும்பிருங்க!”

“ஜன்னலத் தொறக்காமலே கும்பிட்ட மொத ஆளு நீதான்டா!”

“அது உங்க வீட்டுலேர்ந்து வர்ற சாமி சித்தி. தப்பா எடுத்துக்காதீங்க.”

நீ சுரூபத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாய். உன் வாயை அடைக்க நான் ஆயுசு முழுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் ஒரே பேச்சில் அடைத்துவிட்டான். அதற்காகவே அவன் மேல் எனக்கு ஆத்திரம்.

கடைசியாக என் வாசலுக்கு வந்தாய். என் மகன் போனில் கத்திக்கொண்டிருந்தான்: “தொறக்காதம்மா! அத்தையா இருந்தாலும் தொறக்காத!” நான் திறந்தேன். பக்தியால் திறந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சாத்தியிருந்தால் சாகிற வரைக்கும் ‘ஈரம் காயல’ என்று சொல்லிக் காட்டுவாயே. அந்தப் பேச்சுக்கு நோயே தேவலாம்.

உப்பு மிளகுத் தட்டைப் படியில் வைத்தேன்.

“எட்டி நில்லுங்க அண்ணி,” என்றாய்.

“நீ நிறுத்தின இடத்துலதான் இத்தனை வருஷமா நிக்கிறேன்.”

என்னைப் பார்த்தாய். உன் கண் வீங்கியிருந்தது. “புடிங்க. கை வலிக்குது,” என்று சுரூபத்தை என் கையில் கொடுத்துவிட்டாய். நினைத்ததைவிடக் கனம்.

“இவரு நம்மளக் காப்பாத்துவாரா?” என்று கேட்டேன்.

“நல்லாப் பாருங்க அண்ணி. காப்பாத்துறவரு மாதிரியா நிக்கிறாரு? அம்பு படக்கூடாதுன்னு இவருகிட்டயா போயிக் கேக்குறது?”

“அப்புறம் எதுக்குத் தூக்கிட்டு அலையுற?”

“பட்டவங்களையும் சர்வேசுரன் கைவிடலன்னு சொல்றதுக்குத்தான். எங்க வீட்டுல பட்டுருச்சுல்ல. அவரு சாகும்போது பக்கத்துல ஒரு ஆளு இல்ல அண்ணி. சர்வேசுரன் இருந்திருப்பாருன்னு நான் நம்பணும். வீட்டுக்குள்ளேயே உக்காந்து நம்ப முடியல.”

அப்போதுதான் ஒரு அம்பு கழன்று தட்டில் விழுந்தது. உப்பில் குத்தி நிமிர்ந்து நின்றது. உனக்கு முகம் செத்துப்போனது. “எடுத்து வைங்க அண்ணி,” என்றாய். “அம்பு யாரு வீட்டுல விழுதோ…” என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. சுரூபத்தை வாங்கிக்கொண்டு விறுவிறு என்று போய்விட்டாய். நான் அம்பை அந்த மிளகோடு டப்பாவில் போட்டு மூடினேன்.

அன்றிலிருந்து நான் காய்ச்சலுக்குக் காத்திருந்தேன். காலையில் எழுந்ததும் மிளகை முகர்ந்து பார்ப்பேன், வாசம் தெரிகிறதா என்று. தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது. காய்ச்சல் உனக்கு வந்தது.

மறுபடியும் உன் வாசலில் தகரம். நான் இந்தப் பக்கம் நின்று, “அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே, அத முடிச்சுட்டுப் படுடி,” என்றேன். உள்ளேயிருந்து மூச்சு இழுக்கிற சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு சிரித்தாய். “ஈரம் காஞ்சிருச்சு அண்ணி,” என்றாய்.

அதையா கேட்டேன்? வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த வார்த்தையை, நான் கேட்காத நேரத்தில் சொன்னாய். கேட்டதைச் சொல்லாமலே ஆம்புலன்ஸில் ஏறிப் போனாய். இதற்கு மட்டும் உனக்கு மன்னிப்பு இல்லை. நீயும் திரும்பி வராத பிறகு மகன் என்னை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டி வந்துவிட்டான், அந்த மிளகு டப்பாவோடு.

செபஸ்தியார் இப்போது கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். ஜனங்கள் கண்ணாடியை முத்தி செய்கிறார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்தினவர்கள்தான் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். ஒரு அம்பு குறைகிறது என்று ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நானும் சொல்ல மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்.

இங்கே எதிர் ஃபிளாட்டில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். பார்த்தால் சிரிப்பார். அவர் நிலைப்படிக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும், அவ்வளவுதான் பழக்கம். இன்று அவர் வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. காய்ச்சலாம். மாடியில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ரசத்தைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். “அத்தை, வேணாம் அத்தை,” என்று மருமகள் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போய்த் தட்டினேன்.

“யாரு? கிட்ட வராதேள். நேக்கு ஜுரம். ஒட்டிண்டுடும்.”

“எதிர்வீட்டுப் பாட்டிங்க மாமி. மிளகு ரசம் கொண்டாந்திருக்கேன்.”

“சாத்தமுதா?”

“உங்க வீட்டுல அப்படிச் சொல்லுவீங்க. தொறங்க, ஆறிடும்.”

“உங்களுக்குப் பயமா இல்லையோ?”

“இருக்குங்க மாமி. வீட்டுக்குள்ளேயே உக்காந்திருந்தா இன்னும் ஜாஸ்தியா இருக்கு.”

மாமி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார். பிறகு தாழ்ப்பாள் விலகியது. விழுகிற தாழ்ப்பாளையே கேட்ட காதுக்கு அந்தச் சத்தம் புதுசாக இருந்தது. தூக்கை வாங்கின விரல் என் விரலில் பட்டது. ரசத்தைவிட அது சுட்டது.

அம்பு யார் வீட்டில் விழுகிறதோ, அடுத்தபடியாகச் சாமி அந்த வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டும். அப்படித்தானே சொல்ல வந்தாய்? நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை, வேறு என்றால், நீயே வந்து சொல்லு.

சாமி கண்ணாடிக்குள் இருக்கிறார். அம்பு என் முந்தானையில் இருக்கிறது. மத்தியானத்திலிருந்து தொண்டையில் ஒரு கரகரப்பு. மிளகுக் காரமாகத்தான் இருக்கும். கதவை நான் சாத்தவில்லை.